இல்லாத மேகம்

தங்கராசுவுக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் யார் என்று பார்க்கிற வழக்கம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தலைமையாசிரியர் மேஜையின் கண்ணாடியை உடைத்தவன். கல்யாணமான புதிதில், பேருந்தில் தன் மனைவியின் காலை மிதித்துவிட்ட ஒருவரைத் தன் சொந்த ஊரான நெல்லிக்குப்பத்தில் இறக்கி, ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்களுக்கு நடுவில் வைத்து அடித்தான். அந்த ஆளுக்கு அறுபது வயதிருக்கும். வீட்டில் யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. "எம்புள்ளைக்கு ரோஷம் ஜாஸ்தி" என்று அவன் அப்பா ஊர் பூராவும் பெருமை பேசுவார். ரோஷம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனைத்தான் முதலில் உதைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஆசாமி சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஏழு வருஷமாக வானியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் வேலையில் கெட்டிக்காரன். கணினி முன்னால் உட்கார்ந்தால் சாப்பாடு, தூக்கம் எதுவும் நினைவிருக்காது.

அவன் ஆராய்ந்தது எங்கோ தொலைவில் இருக்கிற ஒரு விண்மீன் மண்டலத்தை. அதன் நடுவில் பெரிய கருந்துளை ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள வாயுவை அது இழுத்து விழுங்கும்போது அந்த வாயு கொதித்துப் போய் எக்ஸ்ரே கதிர்களைக் கக்குகிறது. ஒரே சீராகக் கக்குவதில்லை. சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்து, மறுபடி ஏறும். ஏன் குறைகிறது என்பதற்கு இரண்டு காரணம் சொல்லலாம். உள்ளே எரிகிற நெருப்பே அடங்கியிருக்கலாம். அல்லது நெருப்பு அப்படியே இருக்க, குறுக்கே ஒரு வாயு மேகம் வந்து மறைத்திருக்கலாம். இதில் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எக்ஸ்ரேயில் மென்கதிர், வன்கதிர் என்று இரண்டு வகை. ஆய்வு மாணவர்கள் பேச்சில் சாஃப்ட், ஹார்ட். மேகம் வந்தால் மென்கதிரை மட்டும்தான் அதனால் தடுக்க முடியும். வன்கதிர் துளைத்துக்கொண்டு வந்துவிடும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் நெருப்பே அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

செயற்கைக்கோள் ஒன்று எடுத்துப் பொதுவில் போட்டிருந்த பதிவில், ஒரு குறிப்பிட்ட நாளில், நாலு மணி நேரம் மென்கதிர் பாதியாகக் குறைந்ததையும் வன்கதிர் குறையாமல் இருந்ததையும் தங்கராசு கண்டுபிடித்தான். ஆக, மேகம். அது எவ்வளவு பெரியது, கருந்துளையிலிருந்து எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்றெல்லாம் கணக்குப் போட்டு, அவனும் அவனுடைய வழிகாட்டி நடனசபாபதியும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. ஆய்வேடு முழுக்க அந்த மேகத்தின் மேல்தான் நின்றது. வரும் திங்கட்கிழமை அவன் துறையில் எல்லார் முன்னாலும் பேச வேண்டிய கடைசி செமினார். அது முடிந்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். முப்பத்து நாலு வயதில் ஒரு விரிவுரையாளர் வேலை அவனுக்காகக் காத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கணினி அறையில் இவன் தனியாக இருக்கும்போது ஆகாஷ் வந்தான். கடலூர்ப் பக்கம் நடுத்திட்டுக்குப்பத்து மீனவக் குடும்பம். ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. சத்தமாகப் பேசத் தெரியாதவன்.

"அண்ணா, ஒன்னு கேக்கணும். ஒங்க மேகம் வந்த அன்னிக்கு இன்னொரு சேட்டிலைட்டும் அதே கேலக்ஸியப் பாத்திருக்கு. அந்த டேட்டாவ எடுத்துப் போட்டுப் பாத்தேன்."

"சரி."

"அதுல ஹார்டும் சேந்து கொறஞ்சிருக்குண்ணா. அந்த நாலு மணி நேரமும்."

"மேகமே இல்லன்றியா?"

ஆகாஷ் தரையைப் பார்த்தான். "அப்பிடித்தான் தோணுது. ஒங்க புரோகிராமையும் தொறந்து பாத்தேன். அதுல வரம்பு ஒன்னு புள்ளி ரெண்டுன்னு இருக்கு..."

தங்கராசு நாற்காலியை உதைத்தான். அது சுவரில் போய் மோதிக் கவிழ்ந்தது. "நீ வந்து ஒன்றர வருஷம் ஆவுது. ஏழு வருஷமா நான் இங்க மாவாட்டிகிட்டு இருந்தனா? வாய மூடிகிட்டு ஒன் வேலயப் பாரு." ஆகாஷ் நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

அந்த ஒன்று புள்ளி இரண்டு என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோளின் மேல் சில நேரம் துகள் மழை அடிக்கும். அந்தத் துகள்களையும் கருவி வன்கதிர் என்று எண்ணிக்கொள்ளும். அதனால் மழை அடித்த நேரத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். எந்த அளவுக்கு மேல் போனால் மழை என்பதற்கு ஒரு வரம்பு எண் உண்டு. இந்த வேலையில் இருப்பவர்கள் வழக்கமாக வைக்கிறது புள்ளி நாலு. நாலு வருஷத்துக்கு முன்னால் தங்கராசுவும் புள்ளி நாலுதான் வைத்தான். அந்த நாலு மணி நேரமும் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. புள்ளி ஆறு வைத்தான், வரவில்லை. புள்ளி ஒன்பது வைத்தான், கொஞ்சம் வந்தது. ஒன்று புள்ளி இரண்டு வைத்ததும் முழுசாக உள்ளே வந்துவிட்டது. நெருப்பு அடங்கி வன்கதிர் குறைந்த பள்ளத்தைத் துகள் மழை நிரப்பிவிட்டது. பார்த்தால் வன்கதிர் குறையாத மாதிரியே இருந்தது. மேகம் கிடைத்துவிட்டது. யார்தான் எண்ணைக் கொஞ்சம் முன்னே பின்னே வைக்காமல் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதை மறந்தே போனான். மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான் என்பது சரியாக இருக்கும்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு நடனசபாபதி போனில் கூப்பிட்டார்.

"தங்கராசு, ஆகாஷ் ஒரு மெயில் போட்டிருக்கான். ஒன் மேகம் விஷயமா. திங்கக்கிழமை செமினாரக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாமான்னு பாக்குறேன்."

"எவ்ளோ நாள் சார்?"

"பாப்போம்பா."

'பாப்போம்' என்றால் எவ்வளவு நாள் என்று ஏழு வருஷம் ஆய்வு மாணவனாக இருந்தவனுக்குத் தெரியும். முதுகில் குத்திவிட்டான் பயல் என்று தங்கராசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டிருந்த லுங்கியை மாற்றி பேண்ட் போடக்கூட நிதானமில்லை; ஒரு காலை நுழைத்துக்கொண்டே மனைவியிடம் வண்டிச் சாவியைக் கேட்டான். சனி, ஞாயிறில் ஆகாஷ் ஊரில்தான் இருப்பான் என்று தெரியும். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் பின்னால் ஓடின. வழி நெடுக ஆகாஷோடு வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொண்டே போனான். சண்டையில் ஒரு இடத்தில்கூட அவன் அந்த எண்ணைப் பற்றிப் பேசவில்லை.

நடுத்திட்டுக்குப்பத்தில் அது படகுகள் கரை ஏறுகிற நேரம். ஊரில் நடக்க முடிந்தவர்கள் அத்தனை பேரும் மணலில்தான் இருந்தார்கள். மீன் ஏலம் ஒரு பக்கம், வலையைப் பிரித்து மீன் எடுப்பது ஒரு பக்கம். ஒரு மீனவனை அடிக்க வேறு எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் தங்கராசு தப்பித்திருப்பான். நெல்லிக்குப்பத்துக்காரனுக்குக் கரும்பு வெட்டும் நேரம் தெரியும், கரை ஏறும் நேரம் தெரியாது.

ஆகாஷ் தன் மாமா இளவரசுவின் ஃபைபர் படகுக்குப் பக்கத்தில் நின்று வலையிலிருந்து நண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தான். தங்கராசுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கண்ணா. டீ சொல்லவா?" என்றான்.

தங்கராசு அவன் வாயிலேயே குத்தினான். ஆகாஷ் வலை மேல் விழுந்தான். உதட்டிலிருந்து ரத்தம் வந்தது. எழுந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டி, "அண்ணா, நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க" என்றான். கேட்கிற நிலையிலா இருந்தான் இவன்? படகின் விளிம்பில் ஒரு துடுப்பு சாய்ந்திருந்தது. அதை உருவி எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. ஆகாஷ் திரும்பினான். இரண்டாவது அடி துடுப்பின் பட்டையான பக்கத்தால் அல்ல, ஓரத்தால், இடது புருவத்தின் மேல் விழுந்தது. பச்சை மட்டையைப் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆகாஷ் கத்தவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டி போட்டான். விரல் இடுக்குகளில் ரத்தம் கொட்டியது.

மூன்றாவது அடிக்குத் துடுப்பை ஓங்கினான். யாரோ பின்னாலிருந்து அதைப் பிடுங்கினார்கள்.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல தங்கராசுவால் முடியாது. இடுப்பில் ஓர் உதை. மணல் வாய்க்குள் போனது. இளவரசு அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, படகின் விளிம்பில் ஒரு தடவை இடித்தான். இரண்டு பல் போனது. யாரோ இடது கையைப் பிடித்துக் கட்டை மேல் வைத்தார்கள், இன்னொருவர் குதிகாலால் மிதித்தார், விரல்கள் மளுக்கென்றன. பெண்களும் அடித்தார்கள். ஆகாஷின் அம்மா அஞ்சம்மாள், மீன் கூடையை அப்படியே கவிழ்த்துவிட்டு, அந்த அலுமினிய அன்னக்கூடையாலேயே அவன் தலையில் திரும்பத் திரும்பப் போட்டாள். புருஷன் போனபிறகு கடலூர் கடைத்தெருவில் மீன் விற்று மகனைப் படிக்க வைத்தவள். அவள் கைக்கு வலு அதிகம். செத்துப் போகப் போகிறோம் என்று தங்கராசுவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயத்தில் மூத்திரம் போய்விட்டான்.

"விடுங்கடா. விடுங்கடான்றேன்." ஊர்த் தலைவர் கண்ணாயிரம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "செத்துத் தொலஞ்சான்னா அவன் ஊருக்காரனுங்க லாரி லாரியா வந்து எறங்குவானுங்க. நாளைக்கு நம்ம பொம்பளைங்க கூடையத் தூக்கிகிட்டு டவுனுக்குப் போவ வேணாமா? ஊரு உக்காரட்டும்."

அந்த ஊரில் ஒரு நடைமுறை. கரையில் வெளியாள் கை வைத்தால் அது அடிபட்டவனின் சொந்த வழக்கு இல்லை, ஊர் வழக்கு. ஊர் உட்கார்ந்துவிட்டால் விசாரித்து முடிகிற வரை அடித்தவன் போகவும் கூடாது, அவனை யாரும் தொடவும் கூடாது. அடித்தவன் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், அடித்த அடிக்கும் வாங்கிய அடிக்கும் சரியாகப் போயிற்று என்று விட்டுவிடுவார்கள். போலீசுக்குக்கூடப் போக மாட்டார்கள்.

ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தார்கள், வர அரை மணியாவது ஆகும் என்றார்கள். ஆகாஷின் புருவத்தில் ஒரு துண்டை மடித்துக் கட்டி, படகு நிழலில் உட்கார வைத்திருந்தார்கள். புருவம்தான் கிழிந்திருக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். கண் மரத்துப் போயிருக்கிறது என்று அவனும் சொன்னான். தங்கராசுவைக் கையைப் பின்னால் கட்டி மாரியம்மன் கோயில் முன்னால் உட்கார வைத்தார்கள்.

"எதுக்கு அடிச்ச?" என்றார் கண்ணாயிரம். "பொண்ணு விஷயமா?"

"இல்ல."

"பின்ன?"

தங்கராசு உடைந்த வாயால் சொன்னான். "ஒரு மேகம்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். இளவரசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நக்கலா பண்ற?" என்று பாய்ந்தவனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"நக்கல் இல்ல மாமா, நெசமாத்தான்" என்றான் ஆகாஷ், துண்டைப் பிடித்துக்கொண்டே.

"எங்க இருக்குது அந்த மேகம்?" என்றார் கண்ணாயிரம்.

"ரொம்ப தூரத்துல. அங்கேருந்து வெளிச்சம் வந்து சேரவே பத்து கோடி வருஷம் ஆவும்" என்றான் தங்கராசு.

அஞ்சம்மாள் எழுந்து வந்தாள். முந்தானையில் மகனின் ரத்தம். "பத்து கோடி வருஷத்துக்கு முந்தி இருந்த மேகத்துக்கா எம்மவன் மண்டைய ஒடச்ச?"

 இதற்கு உலகத்தில் எந்தப் பேராசிரியரிடமும் பதில் இருக்காது.

கண்ணாயிரம் விடுகிற ஆள் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் விஷயம் என்னவென்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. தங்கராசு, கட்டிப் போட்ட நிலையில், வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பித் துப்பிச் சொன்னான். கதிர் குறைந்ததைச் சொன்னான். இரண்டு காரணங்களைச் சொன்னான். ஏழு வருஷத்தில் எத்தனையோ கருத்தரங்கில் பேசியிருக்கிறான். இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

"புரியிற மாதிரி சொல்லு" என்றார் கண்ணாயிரம்.

ஆகாஷ்தான் சொன்னான். "தாத்தா, கடல்ல ஒரு போட்டு லைட்டு மங்கலாத் தெரியுது. பேட்டரி எறங்கியிருக்கலாம். இல்லன்னா நடுவுல பனி எறங்கியிருக்கலாம். அண்ணன் பனின்னு சொல்றாரு. நான் பேட்டரின்னு சொல்றேன். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" என்றான் இளவரசு.

"அவுரு ஏழு வருஷம் ஒழச்சது அதுல இருக்கு மாமா."

 கண்ணாயிரம் தங்கராசுவைப் பார்த்து, "அப்ப ஒன் கட்சி என்னா? இவன் பொய் சொல்லி ஒன் பொழப்பக் கெடுத்துட்டான். அதானே?" என்றார்.

"ஆமாம்."

"சூடத்தக் கொண்டாங்கடா. இவன் சொன்னது பொய்யின்னு சத்தியம் பண்ணி அணைச்சிட்டுப் போ. ஊரு ஒன்ன விட்டுரும். நீ வாங்குனது ஒனக்கு, அவன் வாங்குனது அவனுக்கு."

வலது கையை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். ஒரு தட்டில் சூடத்தை ஏற்றி அவன் முன்னால் வைத்தார்கள். தங்கராசுவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அணைத்துவிட்டு எழுந்து போகலாம். வண்டி அங்கேயே நிற்கிறது. இங்கே இருக்கிற ஒருவருக்கும் எது பொய் எது மெய் என்று தெரியப் போவதில்லை. ஊரே பொய்யன் என்று முடிவு கட்டிவிட்ட பிறகு ஆகாஷ் திரும்பச் சிதம்பரம் வந்து வாயைத் திறக்கப் போவதும் இல்லை. செமினார் நடக்கும். பட்டம் கிடைக்கும். அவன் கையை நீட்டினான்.

"அண்ணா, அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடறேன்" என்றான் ஆகாஷ். "சாருக்குப் போட்ட மெயில்ல நான் அந்த ஒன்னு புள்ளி ரெண்ட எழுதல. ரெண்டு சேட்டிலைட்டும் ஒத்து வரல, தப்பு எங்கன்னு தெரியல, ஏந்தப்பாக்கூட இருக்கலாம்னுதான் எழுதினேன். அந்த எண்ண நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

தங்கராசுவின் கை சூடத்தின் மேல் நின்றது. உள்ளங்கை பொசுங்கியது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அடி வாங்கியபோது வராத வெட்கம், மூத்திரம் போனபோது வராத வெட்கம். தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டான் என்று எவனை அடித்தானோ அவன் காட்டிக் கொடுக்கவே இல்லை. துடுப்பை உருவுவதற்கு முன் ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். ஒரு நிமிஷம்தான் அவனும் கேட்டான்.

கையை இழுத்துக்கொண்டான். சூடம் அதுபாட்டுக்கு எரிந்தது.

"அவன் சொன்னதுதான் நெசம்" என்றான். "மேகம் இல்ல. நான்தான் எண்ண மாத்தி வெச்சி மேகத்த வரவெச்சேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

இந்தத் தடவை இளவரசுவை யாராலும் பிடிக்க முடியவில்லை. அவன் உதைத்த உதையில் தங்கராசுவின் விலா எலும்பு ஒன்று உள்ளே போனது. "நெசம் சொன்னதுக்கா அடிச்ச? நெசம் சொன்னதுக்கா?" என்று கேட்டுக் கேட்டு உதைத்தான். தங்கராசு மூச்சு விட முடியாமல் மணலில் புரண்டான். கண்ணாயிரமே குறுக்கே விழுந்து தடுக்க வேண்டியதாயிற்று. ஊர் உட்கார்ந்திருக்கும்போது கை வைத்ததற்கு இளவரசுவை அவர் கன்னத்தில் ஒன்று விட்டார்.

அஞ்சம்மாள் தங்கராசுவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "எங்ககிட்ட சொல்லி என்னா ஆவும்? எங்களுக்கு அது தெரியவா போவுது? நீ யாருகிட்டப் பொய் சொன்னியோ அவுருகிட்டச் சொல்லு. போனு போடு. ஊரே கேக்கணும்."

அவன் பையிலிருந்து போனை எடுத்து, அவன் சொன்னபடி நடனசபாபதியின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவன் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"சொல்லு தங்கராசு."

"சார், ஆகாஷ் சொன்னது சரி. மேகம் கெடையாது. ஃபில்டர்ல வரம்ப ஒன்னு புள்ளி ரெண்டு வெச்சிருந்தேன். புள்ளி நாலு வெச்சா ஒன்னுமே வரல. அதனாலதான் ஏத்தினேன். நம்ம பேப்பர வாபஸ் வாங்கணும் சார்."

  நடனசபாபதி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"இதெல்லாம் போன்ல பேசுற விஷயமாப்பா? அந்தப் பேப்பர்ல ஏம்பேரும் இருக்கு. ஆகாஷ நான் கூப்ட்டுப் பேசிக்கிறேன், அவன் சொன்னாக் கேப்பான். இந்த நம்பர் விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். செமினார் திங்கக்கிழமையே வெச்சிக்கலாம். சரியா?"

தங்கராசு ஆகாஷைப் பார்த்தான். அத்தனை அடிக்கும் அழாதவன், ஒற்றைக் கண்ணால் அழுதுகொண்டிருந்தான்.

"சார்" என்றான் தங்கராசு. "நீங்க பேசுனது இங்க எரநூறு பேருக்குக் கேட்டுது."

இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டபோது அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது.

"சாருக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?" என்றான் ஆகாஷ்.

"தெரியாதுன்னு சொல்ல முடியாது. நாலு வருஷத்துல ஒரு தடவகூட அவுரு அந்த எண்ண ஏங்கிட்டக் கேக்கல."

ஆம்புலன்ஸ் வந்தது. ஒரே வண்டியில் இரண்டு பேரையும் ஏற்றினார்கள்.  கடலூர் ஆஸ்பத்திரியில், எப்படி அடிபட்டது என்று எழுதிக்கொள்கிற ஆள் கேட்டபோது, படகில் தவறி விழுந்துவிட்டதாக ஆகாஷ் சொல்லத் தொடங்கினான். தங்கராசு பக்கத்து ஸ்ட்ரெச்சரிலிருந்து, "நான்தான் துடுப்பால அடிச்சேன். எழுதிக்குங்க" என்றான். அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். போலீசுக்குத் தகவல் போயிற்று.

விலாவுக்குக் கட்டுப் போட்டு, இடது கைக்கு மாவுக்கட்டுப் போட்டு, அவனை வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வெந்து கொப்பளித்த வலது கையால், ஒரு விரலை மட்டும் நீட்டி, போனில் ஆய்விதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் தட்டினான். எந்த எண்ணை மாற்றினோம், ஏன் மாற்றினோம், அதைக் கண்டுபிடித்தவன் யார் என்று மூன்றும் இருந்தது. நாலு வரி எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. துறையில் இருக்கிற எல்லாருக்கும் அதிலேயே நகல் போட்டான். அனுப்பியபோது ஏழு வருஷமும் போய்விட்டது என்று தெரிந்தது.  இனி அந்த விரிவுரையாளர் வேலையும் இல்லை, செமினாரும் இல்லை. போலீஸ் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கண் டாக்டர் வெளியே வந்து அஞ்சம்மாளிடம் பேசினார். தங்கராசுவுக்கு அது முழுசாகக் காதில் விழுந்தது. புருவம் மட்டும் கிழியவில்லை. உள்ளே கண் விழியே கிழிந்துவிட்டது. தைத்துப் பார்க்கலாம், பார்வை வராது. அஞ்சம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இளவரசு தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

பிறகு அவள் தங்கராசுவிடம் நடந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். தலையைக்கூட நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தான். அவள் அடிக்கவில்லை.

"ஒன்னு கேக்குறேன், நெசத்தச் சொல்லு" என்றாள். "எம்மவனுக்கு இனி ஒத்தக் கண்ணுதான். அத வெச்சிகிட்டு அந்த மானத்தப் பாக்குற படிப்ப அவன் படிக்க முடியுமா?"

"முடியும்மா" என்றான் தங்கராசு.  "இந்தக் கதிரு கண்ணுக்கே தெரியாது. நாங்க யாரும் அதக் கண்ணால பாக்குறதில்ல. சேட்டிலைட்டுல எத்தினி வந்து விழுதுன்னு எண்ணுறதுதான் வேல."

"எண்ணத் தெரிஞ்சாப் போதுமா?"

"போதும்."

 அஞ்சம்மாள் அவன் வாய், கட்டுப்போட்ட கை, கொப்பளித்த உள்ளங்கை எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணையும் வெச்சிகிட்டு நீ அதக்கூட ஒழுங்கா எண்ணலியே" என்றாள்.

தங்கராசு ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவள் மகன் இருக்கிற அறைக்குத் திரும்பிப் போனாள்.